புகையெனத் தோன்றும் நாளங்கள்

நுழையும்முன்

நோய்க்குப் பெயரிடுவோர் பெரும்பாலும் முதலில் கண்ணில் பட்டதையே பெயராக்குகின்றனர். கண்ணில் பட்டது நோயின் காரணமா, விளைவா, அன்றி உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சியா என்பது பின்னரே தெரியவருகிறது. குழந்தைகளின் மூளை நாளங்களைத் தாக்கும் மோயாமோயா நோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அந்நோயின் வேரைத் தேடி ஆஞ்சியோகிராம் படத்திலிருந்து செல்லுக்கும், செல்லிலிருந்து மரபணுவுக்கும் சென்ற ஆய்வின் போக்கை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊதி உண்ட உணவு

ஜப்பானிய மருத்துவர்கள் நன்கறிந்த காட்சி ஒன்று உண்டு. ஏழெட்டு வயதுக் குழந்தை ஒன்று ஆவி பறக்கும் நூடுல்ஸை ஊதி ஊதி உண்கிறது. திடீரென அதன் வலக்கையிலிருந்து உண்குச்சிகள் நழுவி விழுகின்றன. வாய் ஒருபுறம் கோணுகிறது, சொல் குழறுகிறது. பெற்றோர் பதறி எழுந்து தூக்குவதற்குள் கையில் மீண்டும் வலு வந்துவிடுகிறது. சில நிமிடங்களில் அக்குழந்தை எதுவும் நடவாததுபோல் உண்ணத் தொடங்குகிறது. வேறொரு குழந்தைக்கு நெடுநேரம் அழுத பின்னர் இவ்வாறு நேர்கிறது. மற்றொன்றுக்கு இசை வகுப்பில் ஹார்மோனிகா வாசிக்கும்போதோ, பிறந்தநாள் விழாவில் பலூன் ஊதும்போதோ நேர்கிறது.

வந்து மறைந்துவிடும் தளர்ச்சியாதலால் இதனைக் களைப்பு என்றோ பிடிவாதம் என்றோ பெரியவர்கள் எண்ணிவிடுவதுண்டு. அழுது முடித்த குழந்தை கை வரவில்லை என்று சொன்னால், அதை நடிப்பென்று கொள்வது எளிது. உண்மையில் அந்தச் சில நிமிடங்கள், மூளையின் ஒரு பகுதி குருதியின்றித் தவித்த நிமிடங்களாகும். இன்று மறைந்த தளர்ச்சி நாளை மறையாமல் நிலைத்த பக்கவாதமாகிவிடக்கூடும்.

ஊதுவதற்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? தொடர்ந்து ஊதும்போதும் விம்மி அழும்போதும் மூச்சு மிகுதியாக வெளியேறுகிறது. அதனுடன் குருதியிலுள்ள கார்பன் டைஆக்சைடும் வெளியேறி அதன் அளவு குறைகிறது. மூளையின் நுண்தமனிகள் இவ்வளி குறைந்தால் சுருங்கும், மிகுந்தால் விரியும். உடல்நலமுள்ள குழந்தைக்கு அச்சுருக்கத்தால் சற்றே தலை கிறுகிறுக்கும், அவ்வளவுதான். ஆனால், குருதி வரும் பெருவழியே முன்னரே குறுகிப்போயிருந்தால், இந்தச் சிறு சுருக்கமும் தாங்கவொண்ணாப் பற்றாக்குறையை உண்டாக்கிவிடும். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, வளர்ந்த ஒருவர் ஓய்வாக இருக்கையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. குழந்தைப் பருவத்தில் மூளையின் தேவை இதனினும் மிகுதி. குறுகிய வழியும் மிகுந்த தேவையும் ஒருங்கே அமைந்தவர்கள் இக்குழந்தைகள்.

குறுகும் இடம்

கழுத்தின் இருபுறமும் மேலேறும் உட்கரோட்டிட் தமனிகள் இரண்டும், பின்புறமாக வரும் முதுகெலும்புத் தமனிகள் இரண்டும் மூளைக்குக் குருதி கொணர்கின்றன. இவை மூளையின் அடித்தளத்தில் கிளைகளால் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வளையமாக அமைகின்றன. அதுவே வில்லிஸ் வளையம். ஒரு கால்வாய் அடைபட்டாலும் மற்றொன்றின் நீர் கடைமடை வயலுக்குச் செல்லும்படி அமைத்த பாசன ஏற்பாடு போன்றது இது.

தெரிந்து தெளிவோம்
தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1664ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளியிட்ட மூளையியல் நூலில் இவ்வளையத்தின் பயனை விளக்கினார். அந்நூலுக்குப் படங்கள் வரைந்தவர்களுள் ஒருவர் கிறிஸ்டோபர் ரென். இவரே பின்னாளில் இலண்டனின் புனித பால் பேராலயத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர்.

மோயாமோயா நோயில் குறுகுவது இவ்வளையத்தின் முன்பகுதியாகும். உட்கரோட்டிட் தமனி தன் பயணத்தின் முடிவில் மூளையின் முன்தமனியாகவும் நடுத்தமனியாகவும் பிரியும் கவை உள்ளது. அக்கவையிலும் அதனையடுத்த கிளைத் தொடக்கங்களிலும் உள்விட்டம் சிறிது சிறிதாகக் குறைந்து, இறுதியில் அடைபடுகிறது. பெரும்பாலோர்க்கு இது வலம், இடம் ஆகிய இருபுறமும் நிகழ்கிறது. வளையத்தின் பின்பகுதி நெடுநாள் தப்பியிருக்கிறது. ஒரே உடலில், ஒரே குருதி ஓடும் தமனிகளுள் இக்குறிப்பிட்ட அங்குல இடம் மட்டும் ஏன் தாக்கப்படுகிறது என்னும் வினாவை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அது பின்னரும் எழும்.

பெயர் வந்த வழி

உயிருள்ள மனிதரின் மூளைத் தமனிகளை எக்ஸ் கதிர்ப் படத்தில் காணும் முறையை 1927ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் உருவாக்கினார். எக்ஸ் கதிரைத் தடுக்கும் நீர்மத்தைத் தமனிக்குள் செலுத்திப் படமெடுத்தால், அந்நீர்மம் ஓடும் வழியெல்லாம் கிளைவிட்ட மரம்போலத் தெரியும். இம்முறை பரவிய பின்னரே மோயாமோயா போன்ற நோயைக் காணும் வாய்ப்பு மருத்துவ உலகிற்குக் கிட்டியது.

ஜப்பானில் 1957ஆம் ஆண்டில் தாகேயுச்சி, ஷிமிசு ஆகிய இருவரும் உட்கரோட்டிட் தமனிகள் இருபுறமும் குறைவளர்ச்சியுற்ற ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். பிறவிக் குறைபாடு என்பதே அவர்களின் கருத்தாக இருந்தது. அடுத்தடுத்து இத்தகைய நோயாளிகள் பலர் கண்டறியப்பட்டனர். செண்டாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிரோ சுசுகி, அகிரா தகாகு ஆகியோர் 1969ஆம் ஆண்டில் இந்நோயை ஆங்கில மருத்துவ இதழொன்றில் விரிவாக அறிமுகப்படுத்தினர். நோயாளிகளின் படங்களில், குறுகிய தமனிக் கவையைச் சுற்றி, மூளையின் அடித்தளத்தில் மிக நுண்ணிய நாளங்கள் எண்ணற்றுப் பின்னிக் கிடந்தன. தனித்தனி இழையாகப் பிரித்தறிய முடியாத அக்கூட்டம், சிகரெட்டிலிருந்து காற்றில் கலையும் புகையைப்போல மங்கலாகத் தெரிந்தது. அதனைக் குறிக்க அவர்கள் கையாண்ட சொல்லே 'மோயாமோயா'.

தெளிவற்று, மங்கி, மூட்டமாகத் தோன்றுவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் அது. நம் மொழியின் 'மினுமினு', 'சலசல' முதலிய இரட்டைக்கிளவிகளைப் போல அம்மொழியிலும் இரட்டித்து நின்று குறிப்புணர்த்தும் சொற்கள் மிகுதி. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது. 'மோயா' என்பதோ தனித்து நின்றும் மென்பனி மூட்டத்தைக் குறிக்கும்.

சுசுகியும் தகாகுவும் அதே கட்டுரையில் நோயின் வளர்ச்சியை ஆறு நிலைகளாக வகுத்தனர். முதல் நிலையில் தமனிக் கவை குறுகுகிறது, புகை இல்லை. இரண்டாம் நிலையில் புகை தோன்றுகிறது. மூன்றாம் நிலையில் அது அடர்கிறது. அதன்பின் பெருந்தமனிகள் மேலும் மேலும் மறைய, புகையும் மெலிகிறது. ஆறாம் நிலையில் புகை முற்றிலும் இல்லை. எனில், நோய் நீங்கிவிட்டதா? இல்லை. உட்கரோட்டிட் தமனியே படத்திலிருந்து மறைந்துவிட்டது. முகத்துக்கும் தலைத்தோலுக்கும் உரிய வெளிக்கரோட்டிட் தமனியின் கிளைகளும், முதுகெலும்புத் தமனிகளும் கசியவிடும் குருதியை நம்பி மூளை வாழ்கிறது.

இவ்வரிசையை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். புகை முதலில் தோன்றவில்லை. குறுகலே முதலில் தோன்றியது. பசித்த மூளை, தன்னிடமுள்ள நுண்நாளங்களை விரித்தும் பெருக்கியும் மாற்றுவழி தேடிக்கொண்டதன் அடையாளமே புகை. நோயின் பெயர் நோயைச் சுட்டவில்லை. நோயை எதிர்த்து உடல் செய்த முயற்சியைச் சுட்டுகிறது. பெயர் அழகாக அமைந்துவிட்டமையால், ஆய்வாளர்களின் கவனமும் சில காலம் புகைமேலேயே இருந்தது.

சுவரின் உள்ளே

குறுகும் தமனியின் சுவரை நுண்ணோக்கியில் கண்டால் காரணத்தை நெருங்கலாம். தமனிச் சுவரில் மூன்று படலங்கள் உள்ளன. குருதியைத் தொட்டுக்கொண்டிருக்கும் உட்படலத்தில் எண்டோதீலியச் செல்கள் ஒற்றை அடுக்காகப் பதிந்துள்ளன. நடுப்படலத்தில் மென்தசைச் செல்கள் வளையமாகச் சூழ்ந்து, தமனியைச் சுருக்கியும் தளர்த்தியும் குருதியோட்டத்தை ஒழுங்குபடுத்துகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் மீள்தன்மையுடைய மெல்லிய தகடு ஒன்று வேலிபோல் நிற்கிறது. வெளிப்படலம் இணைப்புத் திசுவாலானது.

முதியோர்க்கு வரும் தமனி அடைப்பில் கொழுப்பும் சுண்ணமும் வீக்கச் செல்களும் படிந்து கிடக்கும். மோயாமோயாவில் அவை காணப்படுவதில்லை. உட்படலம் தடித்திருக்கிறது, தடித்ததற்குக் காரணம், அங்கு இருக்கக்கூடாத மென்தசைச் செல்கள் குவிந்திருப்பதே. இடைத்தகடு ஒரே தகடாக இராமல் பல மடிப்புகளாகச் சுருண்டு, இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிரிந்திருக்கிறது. அதே வேளையில் நடுப்படலம் மெலிந்து போயிருக்கிறது. வேலியைத் தாண்டி உள்ளே புகுந்த செல்கள் அங்கே பெருகியதுபோலவும், அவை இருந்த இடம் வெறுமையுற்றதுபோலவும் தோன்றும் காட்சி அது.

மென்தசைச் செல் ஒரு வேலையை மட்டும் அறிந்த செல் அன்று. வளர்ந்த தமனியில் அது சுருங்கும் தொழிலைச் செய்கிறது. அப்போது அது பகுப்படைவது அரிது. காயம் ஏற்பட்டாலோ வளர்ச்சிக் காரணிகள் தூண்டினாலோ, சுருங்கும் தொழிலைக் கைவிட்டுப் பெருகவும், இடம்பெயரவும், நார்ப்பொருளைச் சுரக்கவும் தொடங்குகிறது. காயத்தை ஆற்ற இம்மாற்றம் தேவை. ஆறிய பின்னும் செல் பழைய நிலைக்குத் திரும்பாவிடில் தமனி அடைபடும். மோயாமோயா நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீர்மத்தில் நாள வளர்ச்சியைத் தூண்டும் நார்முன்செல் வளர்ச்சிக் காரணி மிகுந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். ஆனால், அது சுவரைத் தடிக்கச் செய்த காரணமா, பசித்த மூளை உதவி வேண்டி அனுப்பிய சுரப்பா என்று பிரித்தறிதல் கடினம். இரண்டிலும் பங்கு இருக்கலாம்.

புகைநாளங்களின் சுவரையும் இங்கே நோக்க வேண்டும். மூளையின் ஆழ்பகுதிக்குள் துளைத்துச் செல்லும் மயிரிழை போன்ற தமனிகள், தாங்கும் அளவுக்கு மீறி விரிந்து உருவானவை அவை. அவற்றின் நடுப்படலம் மெல்லியது, தகடு சிதைந்தது, சிலவற்றில் குமிழ்கள் புடைத்திருக்கும். ஒற்றையடிப் பாதையில் பேருந்துகளைத் திருப்பிவிட்டால் பாதை எத்தனை நாள் தாங்கும்? குழந்தைப் பருவத்தில் குருதிப் பற்றாக்குறையாக வெளிப்படும் இந்நோய், நடுவயதினருக்குப் பெரும்பாலும் மூளைக்குள் குருதிக்கசிவாக வெளிப்படுவதற்கு இதுவே காரணம். ஐந்து முதல் பத்து வயதுவரை ஒரு பிரிவினரும், முப்பது நாற்பது வயதுகளில் மற்றொரு பிரிவினரும் இந்நோயுடன் மருத்துவமனைக்கு வருகின்றனர். ஆண்களைக் காட்டிலும் பெண்கள் ஏறத்தாழ இரு மடங்கினர்.

ஓர் எழுத்து மாறியபோது

ஜப்பானில் மோயாமோயா நோயாளிகளுள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உறவினருள் வேறொருவரும் அந்நோய் உடையவராக இருந்தார். எனவே மரபணுத் தேடல் தொடங்கியது. நோயுள்ள குடும்பங்களில், நோயுற்றோர் அனைவரிடமும் பொதுவாக இருந்து நோயற்றோரிடம் பெரும்பாலும் இல்லாத குரோமோசோம் பகுதி எது என்று தேடுவதே முறை. 1999ஆம் ஆண்டில் 3ஆம் குரோமோசோம் சுட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டில் 17ஆம் குரோமோசோமின் நீண்ட கையின் நுனி சுட்டப்பட்டது. அந்நுனியில் மரபணுக்கள் பல இருந்தமையால், உரிய மரபணுவைக் கண்டறியப் பத்தாண்டுகளுக்கு மேலாயின.

2011ஆம் ஆண்டில் இரு குழுக்கள் தனித்தனியே ஒரே மரபணுவை அடைந்தன. ஒன்று, சுசுகி பணியாற்றிய அதே தோஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மற்றொன்று கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மரபணுவின் பெயர் ஆர்.என்.எஃப்.213. அதில் குவானின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் அடினைன் இருந்தது. அதன் பயனாக, அம்மரபணு உருவாக்கும் புரதத்தின் 4810ஆம் இடத்தில் அர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திற்குப் பதில் லைசின் அமர்ந்தது. இரண்டும் நேர்மின்சுமை கொண்ட, ஒன்றையொன்று ஒத்த அமினோ அமிலங்களே. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் உள்ள அமினோ அமிலங்கள் 146; இப்புரதத்தில் உள்ளவை 5207. அத்துணைப் பெரிய புரதத்தில், ஒத்த தன்மையுள்ள ஒன்று மற்றொன்றின் இடத்தில் அமர்ந்ததே மாற்றம்.

குடும்பத்தில் ஒருவர்க்கு மேற்பட்டோர் நோயுற்ற ஜப்பானியர்களுள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடம் இம்மாற்றம் காணப்பட்டது. குடும்பத்தில் தாம் ஒருவரே நோயுற்றவர்களிலும் பெரும்பான்மையோர் இதனை உடையவராயிருந்தனர். கொரியர்களிடமும் சீனர்களிடமும் இதுவே காணப்பட்டது. அவர்களின் குரோமோசோமில் இம்மாற்றத்தைச் சூழ்ந்த பகுதிகளும் ஒத்திருந்தன. ஆகவே, பன்னெடுங்காலத்துக்கு முன் கிழக்காசியாவில் வாழ்ந்த ஒரு மூதாதையிடம் ஒரே முறை தோன்றி, வழிவழியாகப் பரவிய சடுதிமாற்றம் இது என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். ஐரோப்பிய இன நோயாளிகளிடம் இக்குறிப்பிட்ட மாற்றம் இல்லை. அவர்களுள் சிலரிடம் அதே மரபணுவின் வேறு இடங்களில் மாற்றங்கள் உள்ளன. இந்நோய் கிழக்காசியாவில் மிகுந்து காணப்படுவதன் விளக்கம் இதில் பெரிதும் அடங்கியுள்ளது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய படியைப் பெற்ற குழந்தைகள் குறைந்த வயதிலேயே நோயுற்று, மிகுந்த பாதிப்புக்கு ஆளாவதும் 2012ஆம் ஆண்டில் தெரியவந்தது. இவ்வளவும் சேர்ந்தபோது, காரணம் கைக்குக் கிட்டிவிட்டதென்றே தோன்றும்.

கணக்கு இடிக்கும் இடம்

இங்கே ஓர் எளிய கணக்கு குறுக்கிடுகிறது. ஜப்பானிய மக்களுள் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் இந்த மாறிய படியை உடையவர்கள். அதாவது இலட்சத்துக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் பேர். ஆனால், மோயாமோயா நோயாளிகளோ அங்கு இலட்சத்துக்குச் சுமார் ஆறு முதல் பத்துப் பேரே. மரபணு மாற்றம் உடைய சில நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், அவர்களுள் ஒருவர் நோயாளி. எஞ்சியோர் அதனை அறியாமலே வாழ்ந்து முதுமை எய்துவர்.

ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவர் மட்டும் நோயுற்ற நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. இன்னும் நெருங்கிச் சென்றால், ஒரே நோயாளியின் ஒருபுறத் தமனி மட்டும் குறுகி, மறுபுறம் பல்லாண்டுகள் பழுதின்றி இருப்பதும் உண்டு. இரு புறத்துச் செல்களிலும் இருப்பது அதே மரபணுதானே! ஆகவே, மரபணு மாற்றம் நோய்க்கு நிலத்தைப் பண்படுத்துகிறது. வித்து வேறெங்கிருந்தோ விழுகிறது. அறிவியலார் இதனை 'இரண்டாம் அடி' என்பர்.

இரண்டாம் அடி எது என்பதை அறிய, அப்புரதம் செல்லினுள் என்ன செய்கிறது என்று அறிய வேண்டியிருந்தது. ஆர்.என்.எஃப்.213 ஒரு நொதி. பிற மூலக்கூறுகளின்மேல் யூபிக்விடின் என்னும் சிறு புரதத்தை ஒட்டுவது அதன் தொழில். ஒட்டப்பட்டவை சில சிதைக்கப்படும். சில வேறு பணிக்கு அனுப்பப்படும். ஏ.டி.பி. மூலக்கூற்றைச் சிதைத்து ஆற்றல் பெறும் இயந்திரம் ஒன்றும் அதே புரதத்தில் இணைந்துள்ளது. இவ்விரு திறன்களும் ஒரே புரதத்தில் அமைந்திருப்பது அரிது. அதன் முப்பரிமாண அமைப்பு 2020ஆம் ஆண்டில்தான் தெளிவாயிற்று. செல்லினுள் கொழுப்புத் துளிகளைக் காப்பதில் அதற்குப் பங்குண்டு. செல்லுக்குள் புகுந்த சால்மோனெல்லா பாக்டீரியத்தின் மேலுறையிலுள்ள கொழுப்புச் சர்க்கரையின்மீதே இது யூபிக்விடினை ஒட்டி, அழிப்பதற்கு அடையாளமிடுகிறது என்பதை 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. புரதத்தின்மேல்தான் யூபிக்விடின் ஒட்டும் என்று நெடுங்காலமாகக் கருதியோர்க்கு இது வியப்பளித்தது.

தொற்று ஏற்படும்போது உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் இப்புரதத்தின் அளவை உயர்த்துகிறது. எனவே, தொற்றோ, உடலின் தடைகாப்பு தன் திசுவையே தாக்கும் நிலையோ இரண்டாம் அடியாக இருக்கலாம் என்று சிலர் கருதுகின்றனர். மோயாமோயா நோயாளிகளிடம் தைராய்டு சார்ந்த தன்தடைகாப்பு நோய்கள் மிகுந்து காணப்படுவது இக்கருத்துக்குத் துணையாகிறது. ஆயினும் இது கருத்தே, முடிவன்று.

விலங்காய்வுகளும் நேரான விடை தரவில்லை. வரிக்குதிரை மீனின் கருவில் இம்மரபணுவின் செயலைக் குறைத்தபோது தலைப்பகுதி நாளங்கள் ஒழுங்கற்றுக் கிளைத்தன. ஆனால், இம்மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு மோயாமோயா வரவில்லை. மனிதரிடம் உள்ள அதே மாற்றத்தைப் புகுத்திய எலிகளுக்கும் தானாக வரவில்லை. முதிர்ந்த உடற்செல்லைத் தண்டுச்செல் நிலைக்குத் திருப்பும் முறையை ஷின்யா யமனகா 2006ஆம் ஆண்டில் கியோட்டோவில் கண்டறிந்திருந்தார். அம்முறையைக் கொண்டு, நோயாளிகளின் செல்களிலிருந்தே எண்டோதீலியச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தனர். மாறிய மரபணுவை உடைய அச்செல்கள், நாளக்குழல்களை உருவாக்கும் திறனில் பின்தங்கியிருந்தன. எலியால் விடை சொல்ல இயலாத வினாவுக்கு, நோயாளியின் செல்லே ஓரளவு விடை சொல்லியது.

முன்னர் எழுந்த வினாவும் இங்கே மீள்கிறது. ஏன் அந்தக் கவை மட்டும்? வில்லிஸ் வளையத்தின் முன்பகுதித் தமனிகளின் மென்தசைச் செல்கள், கருவில் நரம்பு முகட்டுச் செல்களிலிருந்து தோன்றுகின்றன. பின்பகுதித் தமனிகளின் செல்களோ நடுக்கருப்படையிலிருந்து தோன்றுகின்றன. பிறப்பிடம் வேறாதலால் தூண்டலுக்கு அவை காட்டும் மறுவினையும் வேறாகலாம் என்பது ஒரு விளக்கம். நேராக வந்த குருதி கவையில் மோதித் திரும்பும்போது சுவருக்கு நேரும் உராய்வு மற்றொன்று.

வேறு வாயில்கள்

ஆர்.என்.எஃப்.213 மட்டுமே இந்நோயின் வாயில் அன்று. மென்தசைச் செல் சுருங்குவதற்கு ஆக்டின் என்னும் புரதம் இன்றியமையாதது. அதற்குரிய ஏ.சி.டி.ஏ.2 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மாற்றமுற்ற குழந்தைகளுக்கு மூளைத் தமனிகள் குறுகுகின்றன. அவர்களின் கண்பாவை பிறப்பிலிருந்தே விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் இருக்கும். கண்பாவையைச் சுருக்குவதும் மென்தசைதான் என்பதை எண்ணினால் இரண்டின் தொடர்பும் விளங்கும். ஆனால், இக்குழந்தைகளின் படங்களில் புகை எழுவதில்லை. தமனிகள் கோலிட்டதுபோல் நேராக ஓடுகின்றன.

நைட்ரிக் ஆக்சைடு எண்டோதீலியத்திலிருந்து சுரந்து மென்தசையைத் தளர்த்தும் தூதுப்பொருள். அதன் செய்தியைப் பெறும் ஏற்பிப் புரதத்தில் பழுது நேர்ந்த சில குடும்பங்களில் மோயாமோயாவும், உணவுக்குழலின் கீழ்வாய் தளராத நோயும் ஒருங்கே வந்தன. 2014ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. பெருகுவது, சுருங்குவது, தளர்வது என மென்தசைச் செல்லின் எந்தத் தொழில் தடம் மாறினாலும் அக்கவை குறுகக்கூடும் என்பதை இம்மூன்று மரபணுக்களையும் சேர்த்துக் காணும்போது உணரலாம்.

டவுன் நோய்க்குறியீடு, நரம்புநார்க்கட்டி நோயின் முதல் வகை, மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு பெற்ற நிலை ஆகியவற்றிலும் இதே குறுகல் தோன்றுவதுண்டு. கதிர் அரிவாள் செல் சோகையும் இப்பட்டியலில் உண்டு. வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் இடைவிடாது உரசுவதால் உட்கரோட்டிட் தமனியின் முடிவிடம் தடித்துக் குறுகுகிறது. சில குழந்தைகளுக்குப் புகையும் எழுகிறது. இந்தியாவில் அரிவாள் செல் ஹீமோகுளோபின் முதன்முதலாக 1952ஆம் ஆண்டில் நீலகிரி மலைவாழ் மக்களிடம் கண்டறியப்பட்டது. ஆகவே, அம்மலையூர்களின் பள்ளிகளில், அழுத பின்னரோ ஓடிய பின்னரோ ஒரு மாணவர்க்குக் கை தளர்ந்தால், அதனைச் சோர்வென்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஆசிரியரின் கடமையாகிறது.

நோயற்ற உடன்பிறந்தார்

குழந்தையொன்றுக்கு இந்நோய் உறுதியாகி, அதனிடம் மாறிய மரபணுவும் இருப்பது தெரிந்தால் பெற்றோர் கேட்கும் முதல் வினா, "இளையவளுக்கும் சோதிக்கலாமா?" என்பதே. பெற்றோருள் ஒருவரிடமிருந்து வந்த படியாயின், இளையவளிடமும் அது இருப்பதற்கு இரண்டில் ஒன்று வாய்ப்பு. இருப்பதாகத் தெரிந்தால்? நோயாளியின் குடும்பத்தில் அபாயம் பொதுமக்களைவிட மிகுதிதான். எனினும் அவளுக்கு நோய் வராமலே போகக்கூடும். அதைத் தடுக்கும் மருந்து எதுவுமில்லை. ஆனால், அவள் அழும்போதெல்லாம் வீடு அஞ்சும். 'யார் வழியாக வந்தது' என்ற வினா தாய்க்கும் தந்தைக்கும் இடையில் நிற்கும்.

மரபணு சொல்வது வாய்ப்பை. தமனியின் படம் சொல்வது நிலையை. ஊசியோ எக்ஸ் கதிரோ இன்றிக் காந்த அதிர்வு முறையில் மூளைத் தமனிகளைப் படமெடுக்க இன்று இயலும். ஆகவே, உடன்பிறந்தாருக்கு மரபணுச் சோதனையைவிட இப்படமே பெரிதும் பயன்படுகிறது. குறுகல் தொடங்கியிருந்தால் அதனைக் காணலாம்; கண்டபின் செய்வதற்கும் ஒன்று உண்டு.

தலைத்தோலிலிருந்து ஒரு வழி

காதுக்கு முன்னே விரலை வைத்தால் ஒரு துடிப்பை உணரலாம். அது வெளிக்கரோட்டிட் தமனியின் கிளை. தலைத்தோலுக்குக் குருதி தருவது. மோயாமோயா அதனைத் தொடுவதில்லை. 1967ஆம் ஆண்டில் சூரிச் நகரில் காசி யாசர்கில் என்னும் அறுவை மருத்துவர், மண்டையோட்டைத் திறந்து இத்தமனியை மூளையின் மேற்பரப்பிலுள்ள நடுத்தமனிக் கிளையுடன் நுண்ணோக்கியின் துணையால் தைத்து இணைத்தார். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள இரு குழாய்களை மயிரினும் மெல்லிய இழையால் தைக்கும் வேலை அது. பின்னர் இம்முறை மோயாமோயா நோயாளிகளுக்கும் பயன்பட்டது.

சிறு குழந்தைகளின் தமனிகள் தைப்பதற்கும் இயலாத அளவு மெல்லியவை. அவர்களுக்காக ஜப்பானில் 1970களின் இறுதியில் உருவான முறை, எளிமையால் வியக்கச் செய்வது. தலைத்தோல் தமனியை வெட்டாமல், குருதி ஓடிக்கொண்டிருக்கும் நிலையிலேயே மூளையின்மேல் கிடத்தி, உறையோடு சேர்த்துத் தைத்து மூடிவிடுவர். இணைப்பை மருத்துவர் செய்வதில்லை. பசித்த மூளை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள் அத்தமனியைத் தூண்ட, அதிலிருந்து புதிய நாளங்கள் சில மாதங்களில் மூளைக்குள் வேர்விடுகின்றன. மெலிந்த புகைநாளங்களை வளர்த்த அதே தூண்டல், நல்ல தமனியருகே வந்தவுடன் பயனுள்ள நாளங்களை வளர்க்கிறது.

அறுவையின்போதும் அதற்குப்பின் சில நாள்களும் மருத்துவக் குழு பெரிதும் காப்பது குழந்தையின் மூச்சை. கார்பன் டைஆக்சைடு அளவு குறையாதபடி செயற்கைச் சுவாசத்தை ஒழுங்குசெய்வர். வலியைத் தணித்து வைப்பர். ஊசி குத்துவதற்கு முன் தோலை மரக்கச் செய்வர். தாயை அருகிலிருக்கச் சொல்வர். குழந்தை அழாதிருப்பது அங்கு அன்பின்பாற்பட்டது மட்டுமன்று; சிகிச்சையின் ஒரு பகுதி.

ஓராண்டு கழித்து எடுக்கும் படத்தில், தலைத்தோல் தமனி பருத்து, மூளையின் மேற்பரப்பெங்கும் கிளைத்திருக்கக் காணலாம். தேவை குறைந்தமையால் அடித்தளத்துப் புகை மங்கியிருக்கும். குழந்தை உணவை ஊதி உண்ணலாம், விளையாடலாம். உட்கரோட்டிட் தமனியின் கவை மட்டும் குறுகியபடியே இருக்கும்; சிலருக்கு மேலும் குறுகும். அங்கே உட்படலத்தில் மென்தசைச் செல்கள் குவிவதை நிறுத்தும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை.